இரண்டாம் உறுப்பினர்

இளம்பரிதி பால்கனியில் ஈரத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான், அவன் மனிதன்தானா என்று ஐயப்படும் கடிதம் அவன் மனைவிக்கு வந்தது.

மிருதுளா அதை இரண்டு முறை படித்தாள். 'சிற்றூர்க் கட்சித் தலைவர் அவர்களுக்கு' என்று மரியாதையாகத்தான் தொடங்கியது. உங்கள் கட்சியின் உறுப்பினர் எண் இரண்டு ஒரு பொம்மை உறுப்பினராக இருக்கலாம் என்று கருதுகிறோம். வரும் சனிக்கிழமைக்குள் அவர் சொந்தமாகச் சிந்திக்கும் நபர் என்பதை நேரலையில் காட்டாவிட்டால் கட்சியின் பதிவு நீக்கப்படும். கீழே 'மேலும் காண்க' என்றொரு பொத்தான் இருந்தது. வந்த கோபத்தில் அதைத் தொடாமலே கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

பால்கனியில், சொந்தமாகச் சிந்திக்கும் அந்த நபர் அவளுடைய துப்பட்டாவை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டிக்கொண்டிருந்தான்.

குடவோலையை விளையாட்டு என்று சொன்னால் அதை விளையாடுகிறவர்களுக்குக் கோபம் வரும். எட்டு லட்சம் பேர் இணையத்தில் கூடி, முந்நீர்நாடு என்ற இல்லாத நாடொன்றை ஆண்டுகொண்டிருந்தார்கள். அங்கே கட்சிகள் உண்டு, தேர்தல் உண்டு, நூற்றியொரு இடங்கள் கொண்ட அவை உண்டு. சில நகராட்சிகள்கூடத் தங்கள் வடிகால் திட்டங்களை முதலில் அந்த அவையில் விட்டுப் பார்க்கும் அளவுக்கு அதற்கு மதிப்பு வந்திருந்தது.

அதில் ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. திங்கட்கிழமைதோறும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பன்னிரண்டு கேள்விகள் வரும். யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது ரகசியம். ஆனால் ஒரு கட்சிக்காரர்களின் பதில்கள் அந்தக் கட்சியின் கொள்கை அறிக்கையோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று வெளியிடுவார்கள். அதற்கு ஒருமை எண் என்று பெயர். கட்சி பெருகப் பெருக அந்த எண் இறங்கிக்கொண்டே போகும். ஒன்பதாயிரம் பேர் உள்ள பெருவழிக் கட்சிக்கு ஐம்பத்து நாலுதான். ஆள்பலத்தை வைத்து அவர்கள் இடங்களைப் பிடித்துக்கொள்வார்கள். சின்னக் கட்சிகளுக்கு ஒரே ஒரு சலுகை: ஐம்பது பேருக்குக் குறைவாக இருந்து, ஒருமை எண் தொண்ணூறுக்குக் குறையாமல் இருந்தால், அவையில் ஓர் இடம் உறுதி.

சிற்றூர்க் கட்சியில் நாற்பத்தொரு பேர். ஒருமை எண் தொண்ணூற்றொன்று புள்ளி நாலு. அந்த ஒற்றை இடத்தில் ஒன்பது வருடங்களாக மிருதுளா உட்கார்ந்திருந்தாள்.

கொள்கை அறிக்கையை அவள் இருபத்தாறு வயதில் எழுதினாள். பிழைப்புக்காக யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் வரி. அவளுடைய அப்பா பதினான்கு வருடம் சூரத்தில் வேலை பார்த்தார். தீபாவளிக்கு வந்து, பொங்கலுக்கு இருக்காமல் போய்விடுவார். அவர் முகத்தைவிட அவர் பெட்டியின் நிறம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு எழுதிய வரி அது.

அறிக்கையைப் படித்துவிட்டு முதலில் வந்து சேர்ந்தவன் இளம்பரிதி. பம்பு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். இரண்டு வருடம் திரையில் 'தலைவரே' என்று கூப்பிட்டவன், பிறகு அவள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தான். கல்யாணமாகி ஏழு வருடமாகிறது. கோவை வடவள்ளியில் வீடு. கேலி செய்யும்போது மட்டும் இப்போதும் தலைவரேதான்.

சண்டையே போடாத தம்பதி என்று சொந்தத்தில் அவர்களுக்குப் பெயர். மிருதுளாவுக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை உண்டு.

கடிதத்தின் நகல் கட்சிச் செயலாளருக்கும் போயிருந்தது. பெருந்துறையிலிருந்து நாச்சிமுத்து உடனே கூப்பிட்டார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். கட்சியில் ஏழாம் எண்.

"ஏனுங் அம்மணி, நம்ம மாப்பிள்ளையவா பொம்மைங்கறாங்க? போன தைப்பூசத்துக்கு எங்கூட்டுக்கு வந்தப்ப எட்டு இட்லி சாப்புட்டாரே. பொம்மைக்கு அவ்ளோ பசிக்குமுங்களா?"

மிருதுளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவு போய்விடும் என்றாள். அவர் வழக்கமான தன் வாதத்துக்கு வந்தார். கட்சியில் சேர வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்து அவள் நாற்பது கேள்வி கேட்பாள். இதுவரை அறுநூறு பேருக்கு மேல் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவருக்கு அது பிடிக்காது.

"நா முப்பத்திரெண்டு வருசம் ஈரோட்டு வண்டில டிக்கெட் கிழிச்சவன். எங்க போறீங்கன்னுதான் கேப்பேன். ஏன் போறீங்கன்னு ஒருத்தரக் கேட்டதில்லீங். நீங்க அதக் கேட்டுட்டுத்தான் ஏத்தறீங்க. அதான் நம்ம வண்டி காலியாவே ஓடுது."

நிறைய பேரை ஏற்றி எங்கெங்கோ போவதைவிட, நாற்பத்தொரு பேர் ஒரே இடத்துக்குப் போவது மேல் என்று அவளும் வழக்கமான பதிலைச் சொல்லி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை குடவோலையின் சரிபார்ப்பாளர் திரையில் வந்தாள். ஜெசிந்தா என்று பெயர். தூத்துக்குடியில் இருந்து பேசினாள். தலைக்குப் பின்னால் சன்னல் வழியே உப்புக் குவியல்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

பொம்மை உறுப்பினர் என்றால் என்ன என்று அவள் பொறுமையாக விளக்கினாள். ஒரே ஆள் பத்துப் பேர் பெயரில் கணக்கு திறப்பான். பத்திலும் அறிக்கையில் உள்ளபடியே பதில் அமுக்குவான். ஒருமை எண் ஏறிவிடும். அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கத்தான் இந்த மாதம் புதிதாக ஒரு சல்லடை போட்டிருந்தார்கள்.

"என் வீட்டுக்காரருக்குக் கொள்கைல பிடிப்பு ஜாஸ்தி. அது ஒரு குத்தமா?" என்றாள் மிருதுளா.

"பிடிப்பு உள்ளவங்களயும் பாத்திருக்கோம் மேடம். தொண்ணூத்தஞ்சு எடுப்பாங்க, தொண்ணூத்தாறு எடுப்பாங்க. ஆனா ஒடம்பு சரியில்லாத அன்னைக்கு, வீட்டுல சண்ட போட்ட அன்னைக்கு, ஒண்ணு ரெண்டாவது மாத்தி அமுக்கிருவாங்க. உங்க வீட்டுக்காரரு நானூத்தி அறுவத்தெட்டு வாரமா ஒண்ணுகூட மாறல. நூத்துக்கு நூறு. அப்படியும் ஒரு மனுஷர் இருந்தா எனக்குப் பாக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு."

சனிக்கிழமை பத்து மணிக்கு, முன்பின் பார்த்திராத பன்னிரண்டு கேள்விகள். அவர் தனி அறையில் இருந்து, கேமராவுக்கு முன்னால், காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். அந்த வாரக் கணக்கில் அந்தப் பதில்களே சேரும். அவ்வளவுதான் என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் இளம்பரிதி வேலையிலிருந்து வந்து, மேசையில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். மிருதுளா நடந்ததை எல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நூற்றுக்கு நூறு என்று சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதெப்படி ஒரு கேள்விகூட வழுக்காமல் போட்டான் என்று கேட்டாள்.

அவன் சிரிக்கவில்லை. கையில் இருந்த தோலைப் பட்டாணிப் பக்கமும், பட்டாணியைத் தோல் பக்கமும் போட்டான்.

"கேள்விய ரெண்டு தடவ படிப்பேன்" என்றான். "நீ இதுக்கு என்ன சொல்லுவேன்னு யோசிப்பேன். அத அமுக்குவேன்."

"நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு யோசிக்க மாட்டீங்களா?"

"சேந்த புதுசுல யோசிச்சேன். மூணு வாரம். அப்ப நம்ம நாலே பேரு. என்னால எண்பத்தெட்டுக்கு எறங்கி, அந்த மாசம் இடம் போச்சு. நீ எல்லாருக்கும் ஒரு செய்தி போட்ட, ஞாபகம் இருக்கா? நம்பின நாலு பேர்ல ஒருத்தர் நம்மளோட இல்லன்னு. அது யாருன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

அவளுக்கு அந்தச் செய்தி நினைவிருந்தது. எழுதிவிட்டு அழுததும் நினைவிருந்தது.

"அப்ப இத்தன வருஷமா நான் யாருகூடப் பேசிட்டு இருந்தேன்?" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "எனக்கு நானே பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன், அவ்வளவுதானே? வீட்டுலயும் இப்படித்தானா?"

அவன் பட்டாணியைப் பார்த்தான். பொறுக்கி எடுத்துச் சரியான கிண்ணத்தில் போட்டான். பிறகு, "ராமநாதபுரம்" என்றான்.

நாலு வருடத்துக்கு முன்னால் ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாக வந்த கடல்நீர் நிலையத்தில் அவனுக்குப் பெரிய வேலை கிடைத்தது. கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் நிலையம். அதன் அத்தனை பம்புகளுக்கும் அவன்தான் பொறுப்பு. கடிதத்தை அவளிடம் காட்டிய கையோடு, வேண்டாமென்று எழுதிவிட்டதாகச் சொன்னான். அவளும் சரி என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

"நீங்கதான வேண்டாம்னீங்க?"

"நீ வேண்டாம்பேன்னு நெனச்சேன். உங்க அப்பா பெட்டிய எடுத்துட்டுப் போன கதைய எத்தன தடவ சொல்லியிருக்க. நான் எப்படிப் போலாமான்னு கேப்பேன்?"

அவள் எழுந்து போய் அடுப்பில் ஒன்றும் இல்லாத பர்னரை அணைப்பதுபோலத் திருகிவிட்டு வந்தாள். அவன் பின்னாலேயே பேசினான். சனிக்கிழமையைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டாமாம். இரண்டு மூன்று கேள்விக்கு மட்டும் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லிவிட்டு, மற்றதை எல்லாம் அவள் சொல்வதுபோலவே சொல்லிவிடுவானாம். ஆள்தான் என்று நம்பிவிடுவார்கள். எண்ணும் இறங்காது.

"வேண்டாம்" என்றாள் மிருதுளா. "நீங்க என்ன நெனைக்கறீங்களோ அதச் சொல்லுங்க."

"இடம் போயிருமே."

அவள் அதற்குள் மனக்கணக்குப் போட்டிருந்தாள். "நீங்க பாதிக்குப் பாதி மாறுனாலும் தொண்ணூறுக்குக் கீழ போகாது. உங்க ஒருத்தரால போகாது."

அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டில் சண்டை இல்லை. ஆனால் அது வேறு விதமான அமைதி. அவன் 'சரி' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்ப்பது தெரிந்து அவனும் சரி என்று சொல்வதையே குறைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை அவன் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மிருதுளா கூடத்தில் உட்கார்ந்து திரையில் கட்சியின் ஒருமை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு வழியே பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை. ஆனால் நடுவில் ஒருமுறை, "இல்லீங்க, அது எப்படிங்க சரியா வரும்?" என்று அவன் குரல் உயர்ந்து கேட்டது. அவன் யாரோடாவது வாதாடி அவள் கேட்டதே இல்லை. அந்தக் குரல் அவனுக்குப் பொருந்தியிருந்தது. எழுந்து போய்க் கதவருகே நின்றாள். பிறகு வெட்கப்பட்டு வந்து உட்கார்ந்தாள்.

அரைமணி நேரத்தில் அவன் வெளியே வந்தான். முகம் கழுவினவன்போல இருந்தான். சரிபார்ப்புக்காக மட்டும் திரையில் திறந்து காட்டிய அவன் எண் நூறிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு வந்திருந்தது. கட்சியின் எண் தொண்ணூறு புள்ளி நாலு.

இடம் தங்கிவிட்டது. மிருதுளா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

கூடத்துத் திரையில் ஜெசிந்தா வந்தாள். "சார் மனுஷர்தான், எழுதிட்டேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. "அடுத்து நீங்க வாங்க மேடம்."

"நானா?"

"ரெண்டாவது பக்கம் பாக்கலையா?"

மிருதுளா கைப்பேசியை எடுத்து, திங்கட்கிழமை தொடாமல் விட்ட 'மேலும் காண்க'வைத் தொட்டாள். இரண்டாம் பக்கத்தில் ஒரே வரி. உறுப்பினர் எண் ஒன்று.

"நான்தான் கட்சிய ஆரம்பிச்சேன்" என்றாள். "அறிக்கைய எழுதினதே நான்தான். என் பதில் அதோட ஒத்துப்போகாம?"

"அது சரிதான் மேடம். ஆனா நாங்க பதில மட்டும் பாக்கல, எடுத்துக்கிட்ட நேரத்தயும் பாக்குறோம்." ஜெசிந்தா தயங்கினாள். "சாருதும் நூறு, உங்களுதும் நூறு. ஆனா சார் ஒவ்வொரு கேள்விக்கும் நாப்பது செகண்டு எடுத்திருக்காரு. நீங்க நாலு செகண்டு. அந்த நேரத்துல கேள்விய முழுசா படிக்கக்கூட முடியாது."

இளம்பரிதி சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"பயப்படாதீங்க" என்றாள் ஜெசிந்தா. "அறிக்கைல உள்ளதயே சொன்னாலும் போதும். உங்க வாயால காரணத்தோட சொன்னா, ஆளுன்னு எழுதிருவேன்."

படுக்கையறையில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அவனிடம் கேட்ட அதே பன்னிரண்டு கேள்விகள்தான் என்றாள் ஜெசிந்தா. முதல் ஆறில் மிருதுளா இரண்டு இடங்களில் தடுமாறினாள். குளங்களைப் பற்றிய ஒன்றில், தான் வழக்கமாகச் சொல்லும் பதிலுக்குத் தனக்கே காரணம் தெரியவில்லை என்று கண்டுபிடித்தாள். ஏழாவது கேள்வி வந்தது.

ஒரு குடும்பம் வேறு ஊருக்குச் சேர்ந்து குடிபெயர விரும்பினால், அரசு அதற்கு உதவலாமா?

கூடாது. விரல் தானாகவே நகர்ந்தது. அவள் அதை இழுத்துப் பிடித்தாள்.

நாலு வருடத்துக்கு முந்திய அந்த நாள் அவள் கண்முன் வந்தது. மேசையில் கிடந்த ராமநாதபுரம் கடிதத்தை இளம்பரிதி காட்டுவதற்கு முந்தின நாளே அவள் பார்த்துவிட்டாள். அன்று மதியம், தன்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் போன பிறகு, ராமநாதபுரத்தில் வாடகை வீடு தேடினாள். மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும் ஒரு வீட்டைக் குறித்து வைத்தாள். பேச்சு வராத பிள்ளைகள் எந்த ஊரிலும் இருப்பார்கள், தன் வேலை எங்கேயும் நடக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் அவன் வேண்டாமென்று எழுதிவிட்டதாகச் சொன்னதும், அவனுக்கு ஊரைவிட மனமில்லை போலிருக்கிறது என்று அந்தப் பக்கத்தை மூடினாள். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கட்சித் தலைவர் எப்படிச் சொல்வாள்?

"நேரம் இருக்கு மேடம்" என்றாள் ஜெசிந்தா.

இந்த ஒரு பதிலோடு இது நிற்காது என்று மிருதுளாவுக்குத் தெரிந்தது. இதை மாற்றினால் இனி வரும் கேள்விகளிலும் பதில் மாறும். தொண்ணூறு புள்ளி நாலில் தாங்க இடமில்லை. கூடத்தில் இருந்தவன் அவளுக்காகக் காப்பாற்றி வைத்திருந்த ஒற்றை இடம் அது.

"உதவலாம்" என்றாள். "எங்க அப்பா ஊரவிட்டுப் போனது தப்பில்ல. எங்கள விட்டுட்டுத் தனியாப் போனாரே, அதுதான் எனக்கு வலிச்சது. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு எழுதிட்டேன். அப்ப எனக்கு இருபத்தாறு வயசு."

ஜெசிந்தா எதையோ எழுதிக்கொண்டாள். "அடுத்த கேள்விக்குப் போலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் வெளியே வந்தபோது இளம்பரிதி திரைக்கு முன்னால் நின்றிருந்தான். அவள் எண் ஐம்பது. கட்சியின் எண் எண்பத்தொன்பது புள்ளி இரண்டு. அவையின் வரைபடத்தில், ஒன்பது வருடம் பச்சையாக இருந்த கடைசி வரிசை இருக்கை சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

"என்னையவிடக் கம்மி" என்றான் அவன், நம்ப முடியாமல். "என்ன தலைவரே பண்ணீங்க?"

"ஏழாவது கேள்விக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"உதவலாம்னு."

"நானும்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் மாடி வீட்டைப் பற்றிச் சொன்னாள். எத்தனை அறை, படி எந்தப் பக்கம், கடல் எந்தத் திசையில் என்று எல்லாம் சொன்னாள். ராமநாதபுரத்து வேலையில் அப்போதே வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள். அந்த வீட்டில் இப்போது யாரோ குடியிருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் அவன் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் நாச்சிமுத்து கூப்பிட்டார். இடம் போனதில் வருத்தம்தான், ஆனாலும் குரலில் ஒரு குஷி இருந்தது. இனி தொண்ணூறைக் கட்டிக் காக்க வேண்டியதில்லை என்பதால், பெருந்துறையில் பத்தொன்பது பேர் சேரக் காத்திருக்கிறார்களாம். இன்றைக்கே அந்த நாற்பது கேள்வியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எங்க போறாங்கன்னு மட்டும் கேட்டு ஏத்திக்குங்க அண்ணா" என்றாள் மிருதுளா.

"இது யாருங்க பேசறது? தலைவர்ங்களா, பொம்மைங்களா?" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு வந்து படுத்தாள். கோவையிலும் இப்போதெல்லாம் மதியத்தில் வெயில் தாங்குவதில்லை. தலைக்கு மேலே மின்விசிறி, ஏழு வருடமாக ஓடுவதுபோல, ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் படுத்திருந்த இளம்பரிதி ஒருமுறை புரண்டான். இன்னொரு முறை புரண்டான். பிறகு எழுந்து போய்ச் சுவரருகே நின்று, ரெகுலேட்டரைத் தொட்டுக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். ஐந்தை மூன்றாக்கினான்.

"எனக்கு இது ரொம்ப நாளா குளுருது" என்றான்.

"எனக்குப் புழுங்குமே" என்றாள் மிருதுளா.

அவன் கையை எடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு?" என்றான்.

மிருதுளா உடனே பதில் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டபடி, நாலில் தனக்கு எப்படி இருக்கும், அவனுக்கு எப்படி இருக்கும் என்று நிதானமாக யோசிக்க ஆரம்பித்தாள். அவன் சுவரருகிலேயே நின்று காத்திருந்தான்.